மேலே கேஸ், கீழே கரண்ட்: குக்கிங் ரேஞ்ச் மக்கர் செய்தால் எங்கிருந்து பார்ப்பது

மேலே நான்கைந்து கேஸ் பர்னர், கீழே கரண்டில் ஓடும் ஓவன். இப்படிப்பட்ட ரேஞ்சில் வரும் கோளாறுகளில் பெரும்பாலானவை ரேஞ்சுக்குள் இருப்பதில்லை. சுவரிலிருந்து ரேஞ்சின் முதுகு வரை வரும் கடைசி ஒன்றரை மீட்டரில்தான் இருக்கின்றன. டியூப், நிப்பிள் (டியூப் ஏறும் உலோக மூக்கு), பிளக், எர்த் ஒயர் என்று நூறு ரூபாய், இருநூறு ரூபாய்ச் சாமான்கள். அதனால் ஒவ்வோர் அறிகுறிக்கும் செலவில்லாத காரணத்தை முதலிலும் பர்ஸைப் பதம்பார்க்கும் காரணத்தைக் கடைசியிலும் வைத்திருக்கிறோம்.

இரண்டும் சேர்ந்த சாமானில் ஒரு பழக்கத்தை மட்டும் விடக்கூடாது: ஒன்றை அடைத்துவிட்டுத்தான் மற்றதைத் தொட வேண்டும். கேஸைப் பார்க்கும்போது ரேஞ்சின் எம்.சி.பி. (மெயின் போர்டில் அதன் கரண்டை வெட்டும் சுவிட்ச்) கீழே, அதாவது ஆஃபில், இருக்கட்டும். கரண்டைப் பார்க்கும்போது ரெகுலேட்டர் மூடியிருக்கட்டும். ரேஞ்சை முன்னால் இழுப்பதற்கு முன் இரண்டையும் அடையுங்கள். பின்னால் டியூப் எவ்வளவு நீளம் விட்டிருக்கிறார்கள் என்று இழுத்த பிறகுதான் தெரியும்.

கையில் வேண்டியவை: பாத்திரம் கழுவும் திரவம் ஒரு ஸ்பூன் கலந்த அரை டம்ளர் தண்ணீர், சின்ன பிரஷ், டார்ச், மல்டிமீட்டர். டெஸ்டரும் இருக்கட்டும், ஆனால் அதை முழுக்க நம்ப வேண்டாம். டெஸ்டர் ஃபேஸை மட்டும்தான் காட்டும். நியூட்ரல் அறுந்ததையும் எர்த் இல்லாததையும் அது சொல்லாது.

கேஸ் வாடை வருகிறது

வாடை இப்போதே அடிக்கிறது என்றால் படிப்பதை நிறுத்திவிட்டு எழுந்திருங்கள். எரியும் அடுப்பு, எண்ணெய் விளக்கு, ஊதுவத்தி எல்லாவற்றையும் அணையுங்கள். ரெகுலேட்டரை மூடிக் கழற்றி, சிலிண்டர் வாயில் மூடியைப் போடுங்கள். கதவுகளைத் திறங்கள். எல்.பி.ஜி. காற்றைவிட கனமானது, தரையோடு படுத்திருக்கும். ஜன்னலைவிட வாசல் கதவுதான் அதை வெளியே விடும். எந்த சுவிட்சையும் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். எக்ஸாஸ்ட் ஃபேன் வேண்டாம், ஓவன் பிளக்கைப் பிடுங்குவதும் வேண்டாம். மேலே சொன்ன எம்.சி.பி. விதிக்கு விலக்கு இந்த ஓர் இடம்தான். ஆட்களை வெளியே கூட்டிப்போய், அங்கிருந்து 1906-க்குப் போன் செய்யுங்கள். எல்.பி.ஜி. கசிவுக்கான அவசர எண் அது, 24 மணி நேரமும் எடுப்பார்கள்.

வாடை அடங்கிய பிறகு, அது எப்போது வருகிறது என்று யோசியுங்கள்.

*சிலிண்டர் மாற்றிய அன்றே வந்தால்:* சிலிண்டர் வால்வுக்குள் உள்ள கறுப்பு ரப்பர் வளையம் விரிந்தோ வெடித்தோ, சில சமயம் இல்லாமலோ இருக்கும். சிலிண்டர் கொண்டுவருபவர் நிற்கும்போதே மூடியைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். வளையத்தை மாற்றுவது அவர்கள் வேலை, நீங்கள் ஊக்கு வைத்து நோண்டாதீர்கள்.

*ரெகுலேட்டர் திறந்திருக்கும்போது மட்டும் வந்தால்:* டியூபும் அதன் இரு முனைகளும். பர்னர் எல்லாம் மூடி, ரெகுலேட்டரைத் திறந்து, சோப்புத் தண்ணீரை இந்த வரிசையில் தடவுங்கள்: ரெகுலேட்டரும் வால்வும் சேரும் இடம், ரெகுலேட்டர் நிப்பிள், டியூபின் முழு நீளம், ரேஞ்ச் நிப்பிள், நிப்பிள் ரேஞ்சுக்குள் ஏறும் மறை. ஒவ்வொன்றையும் ஒரு நிமிடம் பாருங்கள். தடவியபோது வந்த நுரை சும்மா கரையும். கசிவு இருந்தால் ஒரே புள்ளியில் குமிழி ஊதி, உடைந்து, மறுபடி ஊதும். தீக்குச்சி கிழித்துப் பார்ப்பது சோதனை அல்ல, தற்கொலை.

டியூப் என்றால் எஃகு வலை பொதிந்த, ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ள ஆரஞ்சு நிற சுரக்ஷா டியூப் மட்டும்தான். நீளம் 1.5 மீட்டருக்கு மேல் போகக்கூடாது, ஐந்து வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். தேதி டியூப் மேலேயே அச்சாகியிருக்கும். இரண்டு டியூபை நடுவில் ஒட்டுப்போடக்கூடாது. நுனி ஏறவில்லை என்று அடுப்பில் காட்டி இளக்குவதும், எண்ணெய் தடவி ஏற்றுவதும் ஊரெங்கும் நடக்கிறது. இளக்கி ஏற்றிய நுனி இரண்டு வெயிலில் வெடிக்கும், எண்ணெய் தடவியது வழுக்கிக் கழலும்.

ரேஞ்சின் மறைதான் அடிக்கடி ஏமாற்றும் இடம். பெரும்பாலும் அரை இஞ்சு மறை. அதில் நேர்மறை (முழுக்க ஒரே பருமன்), சாய்மறை (நுனி நோக்கிக் குறுகுவது) என்று இரண்டு உண்டு. நேர்மறைக்குக் கசிவைத் தடுப்பது நடுவில் உட்காரும் வாஷர். டெஃப்லான் டேப்பை எத்தனை சுற்று சுற்றினாலும் பலனில்லை. சாய்மறைக்கு வாஷர் வேலை செய்யாது, கேஸுக்கான தடித்த டேப் வேண்டும். தண்ணீர்க் குழாய்க்குச் சுற்றும் மெல்லிய வெள்ளை டேப் இங்கே ஆகாது. பெட்டியில் ரேஞ்சோடு வந்த வாஷரைத் தூக்கிப் போட்டுவிட்டு டேப் சுற்றியதால் கசியும் இணைப்புகள் நிறைய.

டியூப் ஓவனின் முதுகைத் தொட்டுக்கொண்டு போகிறதா என்றும் பாருங்கள். 250 டிகிரியில் ஓவன் ஓடும்போது அந்தத் தகடு ரப்பரைக் கருவாடாக்கும். ரேஞ்சுக்குள் கேஸ் நுழையும் இன்லெட் நடுவில் இருந்தால், அங்கிருந்து பக்கவாட்டு வரை செம்புக் குழாய் கொண்டுவந்து, அதற்கப்புறம் டியூப் மாட்டச் சொல்லுங்கள். சிலிண்டரை ஓவனுக்குப் பக்கத்தில் ஒட்டி வைக்க வேண்டாம். வெளியே வைப்பதே நல்லது. உள்ளேதான் என்றால் கீழ்ப்பக்கம் காற்றோட்டம் உள்ள தனி அறையில், நிமிர்த்தி.

*எங்குமே குமிழி இல்லை, வாடை மட்டும் இருக்கிறது என்றால்:* பிடிகளுக்குப் பின்னால் உள்ள வால்வோ, உள்குழாயோ கசிகிறது. இதைக் கழற்றக்கூடாது. ஏஜென்சி மெக்கானிக் அல்லது ரேஞ்ச் கம்பெனி ஆள் அழுத்தம் அளக்கும் 'யு' வடிவக் கண்ணாடிக் குழாயை (மானோமீட்டர்) வைத்து அழுத்தம் இறங்குகிறதா என்று பார்ப்பார். அதுவரை கேஸ் அடைந்தே இருக்கட்டும்.

*ஓவன் ஓடும்போது மட்டும் மீன் கவுச்சி போல் அடித்தால்:* அது பெரும்பாலும் கேஸ் அல்ல. சூடேறிய பிளக்கும் சாக்கெட்டும் கருகும் வாசனை அப்படித்தான் இருக்கும். ஆனாலும் முதலில் கேஸ் என்றே எண்ணி மேலே சொன்னதைச் செய்யுங்கள். கசிவில்லை என்று உறுதியான பிறகு 'பிளக் சுடுகிறது' பகுதிக்குப் போங்கள்.

புது ஓவனில் முதல் நாள் வரும் எண்ணெய்ப் புகை வேறு. ஜன்னலைத் திறந்துவைத்து, காலி ஓவனை அதிகச் சூட்டில் முக்கால் மணி நேரம் ஓட்டினால் போய்விடும்.

ஓவனைப் போட்டதும் டிரிப் ஆகிறது

மெயின் போர்டில் எந்த நெம்பு கீழே விழுந்தது? மறுபடி ஏற்றுவதற்கு முன் இதைப் பார்க்காமல் விட்டால் பாதி நாள் வீண். சின்ன டெஸ்ட் பட்டன் உள்ளது ஆர்.சி.சி.பி.; அது விழுந்தால் கரண்ட் எர்த்துக்குக் கசிகிறது. பட்டன் இல்லாதது எம்.சி.பி.; அது விழுந்தால் சுமை அதிகம் அல்லது ஷார்ட்.

*எம்.சி.பி. சில நிமிடம் கழித்து விழுந்தால்:* ஓவனின் வாட்டைப் பின்பக்கத் தகட்டில் பாருங்கள். 3,000 வாட் ஓவன் 230 வோல்ட்டில் 13 ஆம்பியர் இழுக்கும். அதே லைனில் கீசரோ, மிக்சியும் ஃபிரிட்ஜும் சேர்ந்தோ இருந்தால் 16 ஆம்பியர் எம்.சி.பி. தாங்காது. பெரிய எம்.சி.பி. மாற்றுவது தீர்வு அல்ல. ஒயர் அதற்கு முன் வெந்துவிடும். மெயின் போர்டிலிருந்து ஓவனுக்கென்று தனி லைன், 4 சதுர மி.மீ. செம்பு ஒயர், 16 ஆம்பியர் எம்.சி.பி. போடுங்கள். 4,500 வாட் ரேஞ்ச் 20 ஆம்பியரை நெருங்கும். அதற்குப் பிளக்கே கூடாது. 6 சதுர மி.மீ. ஒயர், 25 ஆம்பியர் எம்.சி.பி., சுவரில் ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் வெட்டும் இரட்டை முனை சுவிட்ச், அங்கிருந்து நேரடி இணைப்பு.

*எம்.சி.பி. உடனே விழுந்தால்:* ரேஞ்சின் முதுகில் ஒயர் மாட்டும் டெர்மினல். வெளிநாட்டு ரேஞ்சுகளில் பெரும்பாலும் ஃபேஸுக்கு மூன்று முனை, நியூட்ரலுக்கு இரண்டு, எர்த்துக்கு ஒன்று. ஒற்றை ஃபேஸ் வீட்டில் மூன்று ஃபேஸ் முனைகளையும் சின்னச் செம்புத் தகடு வைத்து இணைக்க வேண்டும். நியூட்ரல் இரண்டையும் அப்படியே. தகடு ஒரு முனை தள்ளி உட்கார்ந்து ஃபேஸையும் நியூட்ரலையும் சேர்த்தால் அதுதான் ஷார்ட். மூடியின் உள்பக்கம் படம் ஒட்டியிருக்கும். அதோடு ஒப்பிட்டுத்தான் மாட்ட வேண்டும்.

நிறத்தில் இன்னொரு பொறி இருக்கிறது. ரேஞ்சின் கேபிளில் பழுப்பு ஃபேஸ், நீலம் நியூட்ரல், பச்சை-மஞ்சள் எர்த். நம்மூர் மூன்று ஃபேஸ் வயரிங்கில் சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்றுமே ஃபேஸ், கறுப்புதான் நியூட்ரல். நீலத்தோடு நீலத்தை முறுக்கினால் ஓவனுக்கு 400 வோல்ட் போய், ஓவனுக்குள் உள்ள எலெக்ட்ரானிக் போர்டும் சூடேற்றும் எலிமென்ட்டும் ஒரே நொடியில் காலி. மூன்று ஃபேஸ் வீட்டில் இந்த இணைப்பை லைசென்ஸ் உள்ள ஒயர்மேன் தவிர யாரும் தொடக்கூடாது.

*ஆர்.சி.சி.பி. விழுந்தால்:* ஓவனை ஒவ்வொரு வேலையாகப் போட்டுப் பாருங்கள். விளக்கு மட்டும், பிறகு விசிறி, மேல் எலிமென்ட், கீழ் எலிமென்ட். எதைப் போட்டால் விழுகிறதோ அதில்தான் கசிவு. மழை மாதங்களில், அல்லது நெடுநாள் பூட்டிக்கிடந்த வீட்டில், எலிமென்ட்டுக்குள் உள்ள வெள்ளைப் பொடி ஈரம் குடித்துவிடும். அதனால் கீழ் எலிமென்ட் மட்டும் டிரிப் அடிக்கும். மேல் எலிமென்ட்டை மட்டும் 150 டிகிரியில் அரை மணி ஓட்டினால் பெட்டி சூடாகி ஈரம் விடும். பிறகும் விழுந்தால் எலெக்ட்ரீஷியன் மெக்கர் (கரண்ட் கசிவைத் தடுக்கும் தடையை அளக்கும் கருவி) வைத்துப் பார்க்கட்டும். அரை மெகாஓம் கூடத் தாங்காத எலிமென்ட்டை மாற்றத்தான் வேண்டும்.

பிளக்கையே எடுத்துவிட்டும் ஆர்.சி.சி.பி. விழுகிறதா? ஓவன் நிரபராதி. வயரிங்கில் எங்கோ நியூட்ரலும் எர்த்தும் தொட்டுக்கொண்டிருக்கின்றன, அல்லது இன்வெர்ட்டர் நியூட்ரல் வீட்டு நியூட்ரலோடு கலந்திருக்கிறது. ஓவன் லைன் இன்வெர்ட்டரில் இருக்கவே கூடாது.

சிலர் இந்தத் தொல்லைக்கு எர்த் ஒயரைக் கழற்றிவிட்டு "சரியாகிவிட்டது" என்று பில் போடுவார்கள். டிரிப் நிற்கும். கசியும் கரண்ட் எங்கும் போகாது, தகட்டில் காத்திருக்கும்.

தொட்டால் சுள்ளென்கிறது

லேசான சிலிர்ப்பும் ஒரே அறிகுறிதான்: எர்த் இல்லை. ஓவனுக்குள் மின் இரைச்சலை வடிகட்டும் ஃபில்டர் வழியாகத் துளி கரண்ட் எப்போதும் தகட்டுக்கு வரும், எர்த் அதை இழுத்துக்கொள்ளும். எர்த் அறுந்தால் உங்கள் கை இழுக்கும். எம்.சி.பி.யை இறக்கிவிட்டு, இது தீரும்வரை ரேஞ்சின் இரண்டு பக்கத்தையும் பயன்படுத்தாதீர்கள். கேஸ் குழாயும் அதே தகட்டோடு சேர்ந்திருப்பதால் பர்னர் பக்கமும் கரண்ட் இருக்கும்.

முதலில் பிளக்: பெரிய எர்த் முள்ளில் ஒயர் இருக்கிறதா என்று திறந்து பாருங்கள். அடுத்து சாக்கெட்: மல்டிமீட்டரில் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே மூன்று, நான்கு வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் பலவீனம், அல்லது நியூட்ரல் இணைப்பு தளர்வு. ஃபேஸுக்கும் எர்த்துக்கும் 230 காட்டுவதால் மட்டும் எர்த் நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்ட முடியாது. மீட்டர் இழுக்கும் கரண்ட் மிகக் கொஞ்சம். கடைசியாக எர்த் குழி. கிருஷ்ணகிரி பக்கம் நாலு அடி தோண்டினால் பாறை தட்டும். குழாயைப் பாதி ஆழத்தில் நிறுத்தி மண் மூடிவிடும் வேலை இங்கே சகஜம். கோடையில் அந்த மண் உலர்ந்ததும் எர்த்தும் உலர்கிறது. இரண்டரை மீட்டர் ஜி.ஐ. குழாய், சுற்றிலும் கரியும் உப்பும், மேலே தண்ணீர் ஊற்றப் புனல். வீட்டுக்கு எர்த் தடை 5 ஓமுக்குள் இருக்க வேண்டும். பாறை விடவில்லை என்றால் தள்ளி இன்னொரு குழி போட்டு இரண்டையும் இணைக்கலாம். அளப்பதும் குழி போடுவதும் எலெக்ட்ரீஷியன் வேலை. கேஸ் குழாயிலோ தண்ணீர்க் குழாயிலோ எர்த் ஒயரைக் கட்டுபவரை அப்போதே அனுப்பிவிடுங்கள்.

பிளக் சுடுகிறது

ஓவன் அரை மணி ஓடிய பின் பிளக்கைத் தொட்டால் வெதுவெதுப்பு இருக்கலாம். கை வைக்க முடியாத சூடு என்றால் நிறுத்துங்கள். 6 ஆம்பியர் சாக்கெட்டில் மாற்றுப் பின் (அடாப்டர்) வைத்து மாட்டியிருப்பது, எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், தளர்ந்த சாக்கெட் வாய், இந்த மூன்றில் ஒன்று. பிளக்கின் முள் நீலமாகவோ கறுப்பாகவோ நிறம் மாறியிருந்தால் பிளக், சாக்கெட் இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள். ஒன்றை மட்டும் மாற்றினால் பழையது புதியதையும் கெடுக்கும். பழைய வீட்டில் அலுமினிய ஒயரோடு செம்பை முறுக்கியிருந்தால் லைனையே மாற்ற வேண்டும்.

ஓவனுக்கு உயிரே இல்லை

பர்னர் எரிகிறது, ஓவன் மட்டும் அசையவில்லை. கம்பெனிக்குப் போன் போடுவதற்கு முன் கடிகாரத்தைப் பாருங்கள். டிஜிட்டல் கடிகாரம் உள்ள பல ரேஞ்சுகளில் நேரம் வைக்காமல் ஓவன் ஓடாது. கரண்ட் போய் வந்ததும் 0:00 என்று சிமிட்டிக்கொண்டிருக்கும். நேரத்தை வைத்து, கை அடையாளம் உள்ள பட்டனை அழுத்தினால் ஓவன் எழுந்துவிடும். இதற்கு வீட்டுக்கு ஆள் வரவழைத்துக் கூலி கொடுப்பது நியாயமே இல்லை.

கடிகாரமே எரியவில்லை என்றால் எம்.சி.பி., சாக்கெட்டில் வோல்ட், பிளக் ஒயர். விளக்கும் விசிறியும் ஓடி சூடு மட்டும் இல்லை என்றால் எலிமென்ட், தெர்மோஸ்டாட், அல்லது முன்சொன்ன டெர்மினல் தகடு விட்டுப்போனது.

*சூடாகிறது, ஆனால் கேக் வேகவில்லை:* ஓவன் ஓடும்போதே வோல்ட்டை அளங்கள். 180 வோல்ட்டில் 3,000 வாட் ஓவன் சுமார் 1,840 வாட்தான் தரும், ஏறக்குறைய அறுபது சதம். மோட்டார் ஓடும் நேரத்தில் கிராமத்து லைன்களில் இது சாதாரணம். வீட்டு ஸ்டெபிலைசர் இந்தச் சுமையைத் தாங்காது. முன்சூடேற்றும் நேரத்தைக் கூட்டுங்கள், அல்லது வோல்ட் நிற்கும் நேரத்தில் சுடுங்கள். தொடர்ந்து இப்படியே இருந்தால் மின்வாரியத்தில் எழுதிக் கொடுங்கள்.

பொறி வரவில்லை, அல்லது டக்டக் நிற்கவில்லை

இரண்டுக்கும் முதல் காரணம் ஈரம். களி பொங்கி வழிந்த மறுநாள் இது வரும். பர்னர் மூடியை எடுத்து, வெள்ளைப் பீங்கான் மின்முனையைத் துணியால் துடைத்து, ஒரு மணி காயவிடுங்கள். பிடிக்கு அடியில் தண்ணீர் இறங்கியிருந்தால் சுவிட்ச் ஒட்டிக்கொண்டு டக்டக் நிற்காது, எம்.சி.பி.யை இறக்கி ஒரு நாள் காயவிட வேண்டும். பீங்கானில் மயிரிழை வெடிப்பு இருந்தால் பொறி அங்கேயே பாய்ந்துவிடும், மாற்றத்தான் வேண்டும்.

பர்னர் மூடியைப் போர் தண்ணீரில் கழுவி அப்படியே காயவிடாதீர்கள். கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டத்துப் போர் தண்ணீரின் உப்பு துளைகளில் வெள்ளையாகப் படியும். கழுவியதும் துடைத்து, துளைகளை ஊசியால் குத்திவிடுங்கள். ஒகேனக்கல் தண்ணீர் வரும் வீட்டில் அதில் கழுவலாம்.

கரண்ட் இல்லாதபோது பல மாடல்களில் மேல் பர்னரைத் தீக்குச்சியால் பற்றவைக்கலாம்.

பிடியை விட்டதும் தீ அணைகிறது

பிடியை அழுத்தியபடி 10 நொடி வைத்துப் பிறகு விடுங்கள். பலருக்கு இதுவே போதும். பிறகும் அணைந்தால், தீயின் அருகே நிற்கும் சின்னச் செம்புக் குச்சிதான் காரணம், தெர்மோகப்பிள். தீயின் சூடு அதில் படும்வரைதான் கேஸ் வால்வு திறந்திருக்கும். அதன் தலையில் கரி படிந்திருந்தால் மெல்லிய உப்புத்தாளால் தேயுங்கள். தலை தீக்குள் இருக்கிறதா, வளைந்து விலகியிருக்கிறதா என்றும் பாருங்கள். சுத்தம் செய்தும் நிற்கவில்லை என்றால் மெக்கானிக் மாற்றட்டும். அதைக் கம்பி போட்டுக் கட்டி ஏமாற்றி ஓட்டுவது, தீ அணைந்தாலும் கேஸ் வந்துகொண்டே இருக்க வழி செய்வது.

தீ மஞ்சள், பாத்திரம் கரி

ஒரு பர்னர் மட்டும் என்றால் அடைப்பு, அல்லது மூடி சரியாக உட்காரவில்லை. எல்லாப் பர்னரும் என்றால் ஜெட், அதாவது பர்னருக்குள் கேஸைப் பீய்ச்சும் துளையுள்ள சின்னத் திருகு.

வெளிநாட்டு ரேஞ்ச் பல சமயம் இயற்கை எரிவாயு ஜெட்டோடு வரும். பின்பக்க ஸ்டிக்கரில் ஜி20, 20 மில்லிபார் என்றிருந்தால் அது குழாய் எரிவாயுவுக்கானது. நம் சிலிண்டருக்கு ஜி30, 28 முதல் 30 மில்லிபார் வேண்டும். ஜெட்டின் மேலே எண் பொறித்திருக்கும், துளையின் நூறில் ஒரு மில்லிமீட்டர் கணக்கு. சின்னப் பர்னருக்கு சிலிண்டர் ஜெட் 50-ஐ ஒட்டியும் குழாய் எரிவாயு ஜெட் 72-ஐ ஒட்டியும் இருக்கும். பெரிய துளையில் சிலிண்டர் கேஸ் விட்டால் ஒரு சாண் மஞ்சள் தீ. பெட்டிக்குள் மாற்று ஜெட் பொட்டலம் இருக்கும், 7 மி.மீ. பாக்ஸ் ஸ்பானரில் கழலும். ஜெட்டோடு நிற்கக்கூடாது, வால்வில் உள்ள சிம் திருகையும் சிலிண்டருக்கு முழுதாக இறுக்க வேண்டும். விட்டுவிட்டால் சிம்மிலும் தீ கொழுந்துவிடும். துளையைக் குண்டூசியால் பெரிதாக்கி, ஈயம் வைத்து அடைத்துச் சரிக்கட்டும் வேலை எங்கும் வேண்டாம். பிற்பாடு குழாய் எரிவாயு இணைப்பு வந்தால் இதே மாற்றம் தலைகீழாக நடக்க வேண்டும். அதை இணைப்பு தரும் ஆட்களே செய்வார்கள்.

எல்லாப் பர்னரும் நீலமாக, ஆனால் சோர்ந்து எரிந்தால் சிலிண்டர் தீரப்போகிறது, அல்லது டியூப் மடிந்திருக்கிறது. தேன்கனிக்கோட்டை, தளிப் பக்கம் மார்கழி விடியலில் கால்வாசிச் சிலிண்டரில் நான்கு பர்னரும் சேர்ந்து எரிந்தால் இது நடக்கும். வெயில் ஏறியதும் சரியாகும். சிலிண்டரை வெந்நீரில் வைக்க வேண்டாம்.

களி கிண்டினால் ரேஞ்ச் ஆடுகிறது

நின்றபடி பயன்படுத்தும் ரேஞ்சுக்கு நாலு காலிலும் திருகு உண்டு, மட்டம் பார்த்து ஏற்றுங்கள். முதுகில் சங்கிலி அல்லது கொக்கி வந்திருக்கும். பொருத்துபவர்கள் பெரும்பாலும் அதைப் பெட்டியோடு விட்டுவிடுவார்கள். சுவரில் அடித்து மாட்டுங்கள். பெரிய குண்டானை வைத்து இரண்டு கையாலும் துடுப்பு போடும்போது ரேஞ்ச் ஒரு விரல்கடை நகர்ந்தாலும் டியூபும் நிப்பிளும்தான் அந்த இழுப்பை வாங்கும். ஆறு மாதமாக ஆடிய ரேஞ்ச் என்றால், மட்டம் சரிசெய்த கையோடு ரேஞ்ச் நிப்பிளில் மட்டுமாவது சோப்புத் தண்ணீர் தடவிப் பாருங்கள்.